உயிருக்கும் நியதி உண்டு

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

முதலாண்டிலேயே நீங்கள் கற்றுக் கடந்துவிட்ட உடலியல், சாஸ்திரம் என்ற பெயருக்கு உரியதாவதற்கு எத்தகைய தத்துவப் போராட்டத்தைக் கடக்க நேர்ந்தது என்பதையே இன்று பேச விழைகிறேன். 1628-இல் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டு நிறுவிய பின்னரும், உயிர் கணக்குக்கு அடங்காத தனிச் சக்தி என்ற நம்பிக்கை அறிஞர்களை விட்டு அகலவில்லை. மரணத்தை எதிர்த்து நிற்கும் செயல்களின் தொகுதியே உயிர் என்று 1800-இல் வரையறுத்த பாரிஸ் நகரத்து மருத்துவர் பிஷாவும், அச்செயல்கள் கணந்தோறும் மாறுபவையாதலின் பௌதிக விதிகளைப் போல அவற்றை அளந்து கூற இயலாதென்றே கருதினார்.

இதனை மறுத்தவர் பிரெஞ்சு உடலியலார் க்ளோத் பெர்னார். ஒருநாள் சந்தையிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்த முயல்கள் மேசைமேல் கழித்த சிறுநீர், புல் தின்னும் பிராணிகளுக்குரிய கலங்கலும் காரத் தன்மையும் இன்றி, மாமிசம் தின்னும் பிராணிகளுடையதைப் போலத் தெளிந்தும் அமிலமாயும் இருந்தது. பட்டினி கிடந்து தம் உடலையே உண்டு அவை வாழ்கின்றன என்று அவர் அனுமானித்தார். புல் கொடுத்தார், சிறுநீர் கலங்கிற்று. பட்டினி போட்டார், மீண்டும் தெளிந்தது. பலமுறை அவ்வாறு செய்தும், குதிரையிடத்தும் அதையே கண்டும் திருப்தியுறாமல், முயல்களுக்கு வேகவைத்த மாட்டிறைச்சியையே ஊட்டிப் பார்த்து, அப்போதும் சிறுநீர் தெளிந்தே இருக்கக் கண்ட பின்னர்தான் தம் அனுமானத்தை ஏற்றார். ஆயிரம் பேர் கண்டும் காணாமல் போயிருக்கக்கூடிய ஓர் ஈரத்தடத்தில் அவர் காட்டிய இந்தச் சிரத்தையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

1865-இல் வெளிவந்த அவருடைய நூல், நிலைமைகள் ஒன்றாயின் விளைவும் ஒன்றே என்னும் நியதி உயிருள்ளவற்றுக்கும் பொருந்துமென வாதிட்டது. உயிரின் மூலகாரணத்தைத் தேடுவதை விடுத்து, அதன் செயல்களுக்குரிய நிலைமைகளைத் தேடுவதே உடலியலாரின் பணி என்றது. செல்களைச் சூழ்ந்த திரவத்தை உடலின் அகச்சூழல் எனக் கொண்டு அதன் நிலைத்தன்மையை அவர் வற்புறுத்தியதை, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க உடலியலார் வால்ட்டர் கேனன் மேலும் விரித்தார். அக்காலப் பரிசோதனைகளில் வாயில்லா ஜீவன்கள் பட்ட வேதனை என் மனத்தை இன்றும் வருத்துகிறது. அந்த விலை கொடுத்துப் பெற்ற அறிவை நாம் அலட்சியமாகக் கையாளலாகாது.

ஆதலின் உங்களை வேண்டிக்கொள்கிறேன்: நாளை உங்கள்முன் அமரும் நோயாளி ஒருவருக்கு, பிறரைக் குணப்படுத்திய மருந்து பலிக்காமற் போனால், அவருடைய உடம்புவாகு அப்படி என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள், அவரிடத்து மாறியிருக்கும் நிலைமை எது என்று தேடுங்கள்.