சேறாக வீழும் பொன்



பழைய பட்டுப்புடவைகளை விலைக்குக் கேட்டுத் தெருவில் வருவோரை அறிவீர்கள். அவர்கள் நாடுவது பட்டையன்று. சரிகையிலுள்ள வெள்ளியையும் அதன்மேற் பூசிய பொன்னையும். காஞ்சிபுரத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உருவாகும் மின்னணுக் கருவிகளுள்ளும் அத்தகைய சரிகை உண்டு. 2006இல் அங்குத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றுபோன நோக்கியா ஆலையின் கைபேசி நம்மில் சிலர் வீட்டு அலமாரியில் இன்னும் உறங்கக்கூடும். ஒரு டன் தங்கத் தாதுவில் பொதுவாகச் சில கிராம் பொன்னே கிடைக்கும். ஒரு டன் பழைய கைபேசிகளிலோ நூறு கிராமுக்கு மேலும் இருக்கும்.

அதைப் பிரிக்கத் துணை நிற்பது செம்பு. மின்சுற்றுப் பலகைகளைச் செம்பு உலையில் இட்டால், உருகிய செம்பு பொன்னையும் வெள்ளியையும் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அச்செம்பை மாசு நீக்கித் தகடாக வார்த்து, மயில்துத்தமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் நேர்முனையாகத் தொங்கவிடுவர். செலுத்தும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.3 வோல்ட், கைவிளக்கின் மின்கலமே 1.5 வோல்ட் தருகிறது! நுட்பமெல்லாம் அந்த மென்மையில்தான். செம்பு கரைந்து எதிர்முனையில் 99.99 விழுக்காட்டுத் தூய்மையுடன் படியும். நிக்கல் கரைசலில் தங்கிவிடும். பொன்னும் வெள்ளியும் கரையாமல் அடியில் கருஞ்சேறாக வீழும். ஒரு தகடு கரைய மூன்று வாரம் போல ஆகும். மின்னோட்டத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் சேறு செம்போடு ஒட்டிக்கொள்ளும். சேற்றை உருக்கி, மீண்டும் மின்னாற் பகுத்து வெள்ளியை நீக்க, எஞ்சுவது பொன்.

இதற்குப் பேருலையும் புகையை வடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதனால் இந்தியப் பலகைகள் பெல்ஜியத்தின் ஹோபோகன் ஆலைக்குக் கப்பலேறியதும் உண்டு.

குறுக்கு வழியும் இருக்கிறது. கம்பியை வெட்டவெளியில் எரிப்பர். பலகையை அமிலத்தில் ஊறவைத்துக் கழிவைச் சாக்கடையில் விடுவர். அத்தகைய கொட்டகை ஒன்றில், கையுறையின்றி அமிலத் தொட்டியைத் துழாவிய இளைஞரின் விரல்களைக் கண்டேன். விளக்கில் விழும் பூச்சிக்கும் இரங்கி அந்திக்கு முன் உண்ணும் நம் வீட்டுக் கைபேசி, காயலான்கடை வழியே அங்குச் சென்று சேர்வது எனக்கு ஒப்பவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரே கையாள வேண்டும். அவர்களிடம் சேருமாறு கொடுங்கள். விலை சற்றுக் குறையலாம். மின்கலம் உப்பியிருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அது தீப்பற்றக் கூடியது.