ஆற்றின் இயல்பை அறிந்து வைத்திருப்போர்



2019 மார்ச் 7ஆம் நாள் ஜொகூர், பாசீர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட வேதிக் கழிவின் ஆவி, அருகிருந்த வகுப்பறைகளை எட்டியது. மாணவர்கள் மூச்சுத்திணறியும் வாந்தியெடுத்தும் மருத்துவமனை சென்றனர். மார்ச் 13இல் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் அதே ஊரில் மாணவர்கள் மீண்டும் நோயுற்றனர்.

நம் நாட்டில் ஆற்றுநீரின் தரத்தை 6 கூறுகளால் மதிப்பிடுகிறோம்: கரைந்துள்ள உயிர்வளி, உயிர்வேதி உயிர்வளித் தேவை, வேதி உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் மிதந்து நிற்கும் திண்மங்கள், அமிலகாரத் தன்மை. இவற்றுள் இறுதியானதைச் சோதனைத்தாளின் நிறமாற்றத்தால் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். இரண்டாவதற்கோ நீரை 20 பாகை வெப்பநிலையில் 5 நாள் வைத்திருக்க வேண்டும். ஆனால், கிம் கிம் நிகழ்வில் கண்டறியப்பட்ட பென்சீனையும் அக்ரிலோநைட்ரைலையும் இந்த 6 கூறுகளுள் எதுவும் பெயர் சொல்லிக் காட்டாது. அவற்றை இனங்காண வாயு நிறப்பிரிகைக் கருவியும் அதன் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரும் தேவை. கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். படிக்கத் தெரிந்தவரை உருவாக்கப் பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும். அதன் முதல் ஆறாண்டுகள் நம் தொடக்கப்பள்ளிகளின் கையில் உள்ளன.

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும் இருக்க, ஜொகூரில் நிறுவனங்கள் இல்லை என்று நாம் முறையிட இயலாது. வகுப்பறைக்கும் அந்த ஆய்வகங்களுக்கும் இடையேயுள்ள வழிதான் மெலிந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ‘உயிர்வளி’ என்று பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் அதனை மலாயில் சந்திக்கிறது. பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இதனைத் தமிழ்வழிக் கல்வியின் குறையாக நாம் கருதவில்லை. கருத்து தெளிந்த பிள்ளைக்குப் புதுச்சொல் பாரமன்று. ஆயினும், ஆறாம் ஆண்டிலேயே மூன்று சொற்களையும் அருகருகே எழுதிக் காட்டும் ஆசிரியர் அப்பிள்ளையின் ஓராண்டுத் தடுமாற்றத்தைத் தவிர்க்கிறார்.

விபத்துக்குப் பின் அளப்பது மட்டும் போதாது. முன்னர் எப்படியிருந்தது என்ற பதிவு இல்லாவிடில், எவ்வளவு மாறியது என்று எவராலும் கூற முடியாது. எனவே ஒவ்வொரு பள்ளியும் பாதுகாப்பான ஒரு நீரோடையைத் தேர்ந்து, ஆசிரியர் துணையுடன், வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழை அளவுகளை மாற்றிவிடும். ஆதலின் ஓராண்டுப் பதிவைக் கொண்டு முடிவு காண்பது தவறு. கெட்ட நெடியோ எண்ணெய்ப் படலமோ தோன்றினால் மாணவர் நீரருகே செல்லவே கூடாது. காற்று வீசிவரும் திசைநோக்கி விலகிச்சென்று, சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. முகர்ந்து பார்ப்பது ஆய்வாகாது.

குறிப்பேட்டில் நாள், நேரம், முந்தைய நாளின் மழை, அளந்தவரின் பெயர் ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். ஆண்டிறுதியில் அதனை அலமாரியில் பூட்டாமல், அடுத்த ஆண்டு அவ்வகுப்புக்கு வரும் மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும்.