மைனஸ் வயரை நம்பாதீங்க: ஆர்கேட் போர்டுக்கு வீட்டில் சவுண்ட் கொடுப்பது எப்படி

போன எபிசோடில் சூப்பர்கன் பற்றிப் பேசினோம். பழைய ஆர்கேட் போர்டை, அந்தப் பெரிய கேபினெட் இல்லாமலே வீட்டு டிவியில் ஓட வைக்கிற பெட்டி. சரி, படம் வந்துடுச்சு, பட்டன் வேலை செய்யுது. சவுண்ட்? "ரெண்டு வயர்தானே, இதுல என்ன இருக்கு"ன்னு நானும் நினைச்சேன். அந்த நினைப்புல ஒரு போர்டோட சத்தத்தையே காலி பண்ணேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

நான் முதன்முதலா வாங்கின போர்டு அது. தொண்ணூறுகளின் ஆரம்பத்துல வந்தது. சில மாசம் சம்பளத்துல எடுத்து வெச்சு வாங்கினேன். ஒரு ஆடியோ கேபிளை வெட்டினேன். போர்டோட ஸ்பீக்கர் பிளஸ்ஸை கேபிளோட நடு வயர்லயும், ஸ்பீக்கர் மைனஸை வெளிச் சுத்து கிரவுண்ட்லயும் சாலிடர் பண்ணி, டிவியோட ஆடியோ இன்-ல சொருகி ஆன் பண்ணேன். ஒரு "டப்", அப்புறம் லேசா ஒரு கருகல் வாசனை. கேம் ஓடிக்கிட்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

ஏன் அப்படி ஆச்சு? அதுக்கு ஜாமா தெரியணும். எண்பதுகளின் நடுவுல ஜப்பான் ஆர்கேட் கம்பெனிகள் சேர்ந்து முடிவு பண்ண கனெக்டர் இது. பக்கத்துக்கு 28, மொத்தம் 56 பின். கரண்ட், படம், ஜாய்ஸ்டிக் எல்லாம் இதே வழியாப் போகும். சவுண்டுக்கு ஒதுக்கினது ரெண்டே பின்: ஒரு பக்கம் 10, அதுக்கு நேர் பின்னாடி எல். 10 ஸ்பீக்கர் பிளஸ், எல் ஸ்பீக்கர் மைனஸ். ரெண்டே பின்னுன்னா ஒரே ஸ்பீக்கர், அதாவது மோனோ. யமஹா ஒய்எம்2151 மாதிரி சில சவுண்ட் சிப் உள்ளுக்குள்ள ஸ்டீரியோவே தரும். ஆனாலும் ஒரே ஸ்பீக்கருக்குப் போகணும்னா கலந்து ஒண்ணாக்கித்தான் அனுப்பணும்.

ரெண்டாவது விஷயம், அந்தப் பின்ல வர்றது ஹெட்போன் சிக்னல் கிடையாது. போர்டுலயே ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கு. நேரா ஸ்பீக்கரை ஓட்டுற பவர் அது. கணக்கு போட்டுப் பாருங்க: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 வாட்னா கிட்டத்தட்ட 6.3 வோல்ட். டிவியோட ஆடியோ இன் சாதாரணமா எதிர்பார்க்கிறது சுமார் 0.3 வோல்ட். 20 மடங்கு வித்தியாசம்!

மூணாவதுதான் என்னைக் கவுத்தது. சில ஆம்ப்ளிஃபையர்ல மைனஸ் வயர் கிரவுண்டோட சேர்ந்திருக்கும். சிலதுல சேர்ந்திருக்காது. பிளஸ், மைனஸ் ரெண்டையும் ஆம்ப்ளிஃபையரே ஓட்டும், ஒண்ணு மேல போகும்போது இன்னொண்ணு கீழ போகும். இதை பிரிட்ஜ் டைப்னு சொல்வாங்க. 12 வோல்ட் சப்ளைன்னா ரெண்டு வயர்லயும் சும்மாவே சுமார் 6 வோல்ட் நிக்கும். நான் அந்த மைனஸை டிவி கிரவுண்டோட சேர்த்தேன். டிவி கிரவுண்ட் வீடியோ கேபிள் வழியா ஏற்கெனவே போர்டு கிரவுண்டோட சேர்ந்திருந்தது. ஆக, ஆம்ப்ளிஃபையரோட ஒரு அவுட்புட்டை நேரா ஷார்ட் பண்ணிட்டேன். வேரியபிள் பேரைப் பார்த்து, டைப் என்னன்னு பார்க்காமலே கோடு எழுதின மாதிரி.

அதனால முதல் வேலை மல்டிமீட்டர். போர்டை ஆஃப் பண்ணிட்டு, கன்டினியூட்டி மோடில் எல் பின்னையும் கிரவுண்டையும் தொடுங்க. 1, 2, 27, 28 எல்லாம் கிரவுண்ட் பின்தான். பீப் வந்தா மைனஸும் கிரவுண்டும் ஒண்ணு. பீப் வரலைன்னா சேர்க்கவே கூடாது.

பீப் வந்தவங்களுக்கு வேலை சுலபம். பிளஸ்ல இருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதோட மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். ரெண்டும் சேர்ற இடத்துல சிக்னல் எடுங்க. 11ல ஒரு பங்காக் குறைஞ்சிடும், 6.3 வோல்ட் 0.57 ஆகும். மீதியைப் போர்டுல இருக்கிற வால்யூம் திருகைக் குறைச்சுச் சரி பண்ணிக்கலாம்.

பீப் வராதவங்களுக்கு, கார் ஆடியோ கடையில கிடைக்கிற ஹை-லோ கன்வெர்ட்டர். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதைக் கேட்டு வாங்குங்க. விலை கம்மியான சிலதுல அது இருக்காது. வாங்கினதும் இன்புட் மைனஸுக்கும் அவுட்புட் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டர் வெச்சுப் பாருங்க. இங்கே பீப் வரவே கூடாது.

இதெல்லாம் வேண்டாம்னா, ஒரு 8 ஓம் ஸ்பீக்கரை 10க்கும் எல்-க்கும் நடுவில் நேரா மாட்டுங்க. இந்தப் போர்டுகளைச் செஞ்சது அதுக்குத்தான், எந்த டைப்பா இருந்தாலும் ஓடும். ரெண்டு ஸ்பீக்கர் வேணும்னா பேரலலா மாட்டாதீங்க, 4 ஓம் ஆகி சிப் சூடாகும். சீரீஸில் மாட்டினா 16 ஓம், சத்தம் கொஞ்சம் குறையும், சிப் பிழைக்கும்.

இப்போ ஸ்டீரியோ. மோனோவை டிவியோட ரெண்டு சேனலுக்கும் கொடுக்கணும்னா, ஒரே சிக்னலைப் பிரிச்சு ரெண்டுக்கும் கொடுத்தாப் போதும். திருப்பி, ஸ்டீரியோவை மோனோ ஆக்கணும்னா லெஃப்ட் ரைட்டை நேரா முடிச்சுப் போடாதீங்க. ஆளுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாச் சேருங்க. இது லைன் சிக்னலுக்கு மட்டும், ஸ்பீக்கர் வயருக்கு இல்லை.

சில நியோ ஜியோ எம்விஎஸ் போர்டுல இன்னொரு பொறி இருக்கு. ஸ்டீரியோவில் வெச்சா 10 ஒரு சேனல், எல் இன்னொரு சேனல், பொதுவா இருக்கிறது கிரவுண்ட். அப்போ எல்-ஐ மைனஸ்னு நினைச்சா கதை முடிஞ்சது. காப்காமோட சிபிஎஸ்-2, 1993ல க்யூ-சவுண்டோட வந்தது. அதுல ஆர்சிஏ ஜாக்கே இருக்கு. லைன் லெவல் ஸ்டீரியோ, நேரா டிவியில் சொருகலாம். சேகா நவோமியும் அப்படித்தான். ஜாக் இருந்தா ஜாமா பின்னைத் தொடாதீங்க.

என் போர்டு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்த சிப் இப்போ யாரும் செய்யறதில்லை. செத்துப்போன இன்னொரு பழைய போர்டுல இருந்து கழட்டி மாத்தினேன். நாலு வாரம் ஆச்சு. முதல் காயின் சத்தம் கேட்டப்போ ராத்திரி ஒரு மணி, வீட்ல எல்லாரையும் எழுப்பிட்டேன்.

இந்தப் போர்டுகளை இனிமே யாரும் புதுசா செய்யப் போறதில்லை மக்களே. ரெண்டு செகண்ட் மீட்டர் வெச்சுப் பார்த்திருந்தா எனக்கு அந்த நாலு வாரம் மிச்சம். நீங்க பார்த்துட்டு மாட்டுங்க. அடுத்த எபிசோடில் பவர் சப்ளை பேசலாம். வரட்டுமா.