நீந்துவது உடலா, உடையா?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் இலக்கியமும் முழங்கிய இம்மேடையில் நீச்சலுடையைப் பற்றிப் பேச நாம் எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உடை சிறு பொருள்தான். ஆயினும் அச்சிறு பொருள் 2008, 2009 ஆகிய ஈராண்டுகளில் உலக நீச்சற் களத்தையே கலக்கிவிட்டது.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. நீந்துவோன் வேகத்தை இரட்டித்தால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அவனுடைய ஆற்றலிற் பெரும்பகுதி இத்தடையோடு போராடுவதிலேயே செலவாகிவிடும். நொடியின் நூற்றில் ஒரு பங்கு வெற்றி தோல்வியை முடிவு செய்யும் போட்டியில், தடை சிறிது குறைந்தாலும் அது பேராதாயம் அன்றோ!

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் 'எல்.இசட்.ஆர். ரேசர்' என்னும் உடையை வெளியிட்டது. அதற்குரிய துணிகளை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா சோதித்துக் கொடுத்தது. அதில் ஊசியும் நூலும் இல்லை. செவிக்கெட்டாத ஒலியலையால் மூட்டுகளை ஒட்டினார்கள். மேலே பாலியூரித்தேன் பட்டைகள் பதிந்திருந்தன. அது உடலை இறுக்கி வழவழப்பாக்கிற்று. விலை ஏறத்தாழ 550 டாலர். அணிந்து முடிக்கவே அரைமணி நேரம் வரை பிடிக்கும். நம் வீட்டு மணப்பெண் கூறைப்புடைவை உடுத்துவதற்கும் இத்துணைப் பாடில்லை! அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 25 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. அவற்றுள் 23, இவ்வுடை அணிந்தோர் படைத்தவை.

போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? மறு ஆண்டே முழுவதும் பாலியூரித்தேனால் ஆன உடைகள் வந்தன. நீரை உட்புகவிடாத அவை, காற்றைச் சிறைபிடித்து உடலை மேலே மிதக்கச் செய்தன. 2009-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் எட்டே நாளில் 43 உலகச் சாதனைகள் விழுந்தன.

அங்கு ஜெர்மானிய வீரர் பவுல் பீடர்மன் முதலில் 400 மீட்டரில், இயன் தார்ப் 2002-இல் நிறுவிய சாதனையை 0.01 நொடியால் வென்றார். (தார்ப்பும் உடல் மூடிய உடை அணிந்தவரே என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) இரண்டு நாள் கழித்து 200 மீட்டரில் மைக்கேல் பெல்ப்ஸையே வீழ்த்தினார். பீடர்மனுக்கு 1 நிமிடம் 42.00 நொடி, முந்தைய ஆண்டின் உடையில் வந்த பெல்ப்ஸுக்கு 1 நிமிடம் 43.22 நொடி. பீடர்மன் விதியை மீறவில்லை. அனுமதிக்கப்பட்ட உடையைத்தான் அணிந்தார். உடையால் வேறுபாடு உண்டு என்பதையும் அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நாம் பாராட்டுகிறோம்.

கண்ணாடியும் கயிறிட்ட பாதைகளும் வந்தபோது ஏற்றுக்கொண்டீர்களே, உடையை மட்டும் ஏன் வெறுக்கிறீர்கள் என்று கேட்போர் உண்டு. கண்ணாடி கண்ணைக் காக்கிறது. கயிறு அலையை அடக்கி எல்லோருக்கும் ஒருங்கே உதவுகிறது. இவ்வுடையோ ஆளுக்கு ஆள் வேறாக உதவிற்று என்று பயிற்றுநர் பலர் எடுத்துக்காட்டினர். மேலும், இந்த வரம்பு புதிதும் அன்று. ஆங்கிலக் கால்வாயை நீந்துவோர் மிதக்கவைக்கும் உடையையோ குளிர் காக்கும் உடையையோ அணியலாகாது என்பது நெடுநாள் விதி. 1958-இல் மிகிர் சென்னும், 1994-இல் 12 வயதுத் தமிழ்ச் சிறுவன் குற்றாலீசுவரனும் அக்குளிர்நீரைக் கடந்தது அவ்வழக்கத்தின்படியே.

அந்நாளில் 'பீனா' எனப் பெயர் கொண்டிருந்த பன்னாட்டுச் சம்மேளனம், 2009 ஜூலை 24-ஆம் நாள் 168க்கு 6 என்ற வாக்கில் அவ்வுடைகளை விலக்கிற்று. ஆடவர்க்கு இடை முதல் முழங்கால் வரை, மகளிர்க்குத் தோள் முதல் முழங்கால் வரை, நெய்த துணி மட்டுமே என்பது 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாளைக் கவனியுங்கள்: விலக்க முடிவு செய்த பின்னரே, ரோமில் அந்த 43 சாதனைகளும் நிகழ்ந்தன!

முடிவு நன்று, ஆனால் காலந்தாழ்ந்த முடிவு. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. உடையை விலக்கியவர்கள் அவ்வுடை ஈட்டிய சாதனைகளை விலக்கவில்லை. தனிப்பட்டியலிலேனும் வைத்திருக்கலாம் என்பது நம் கருத்து. பின்வந்த பிள்ளைகள் துணியுடையில் நின்று, ரப்பர் போன்ற உடையின் நிழலோடு போட்டியிட வேண்டியதாயிற்று. பீடர்மனின் 400 மீட்டர் சாதனை, 2025 ஏப்ரலில் லூகாஸ் மார்ட்டன்ஸ் 3 நிமிடம் 39.96 நொடியில் நீந்தும்வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள் அசையவில்லை.

2022 ஆகஸ்டில் அதே ரோம் நகரில், அதே குளத்தில், ருமேனிய இளைஞர் டேவிட் பொப்போவிச் இறங்கினார். வயது 17. பிரேசிலின் செசார் சியெலோ 2009-இல் அங்கு நிறுவிய 100 மீட்டர் சாதனையான 46.91 நொடியை, அவர் 46.86 நொடியில் முறியடித்தார். அச்சாதனை பதிவானபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. இரண்டு நாள் கழித்து 200 மீட்டரிலும் தங்கம் வென்றார். ஆனால் கடிகாரம் 1 நிமிடம் 42.97 நொடி என்று காட்டிற்று. பீடர்மனின் உடைக்கும் அவருக்கும் இடையே இன்னும் 0.97 நொடி இருந்தது.