திரையில் ஒரு சேர், வகுப்பில் ஒரு டீச்சர்

(பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச வந்தது வீடியோ கோல் பற்றி. கொழும்பில் வேலை செய்யும் மகனோடும், வெளிநாட்டுக்குப் போன தங்கச்சியோடும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அதே வீடியோ கோல்தான். வட்ஸ்அப்பில் இந்த வசதி 2016ஆம் ஆண்டு வந்தது. இன்று லயத்துக்கு லயம் தெரிந்த விஷயம். அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாடம் நடத்தலாமா என்பதுதான் கேள்வி.

"கொரோனாக் காலத்துல பட்டது போதாதா சேர்?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2020 மார்ச் மாதம் நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் போனுக்கு வந்தது. வீட்டில் ஒரு போன், படிக்கிற பிள்ளை மூன்று. அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிய தாய்மாரும் நம் மத்தியில் இருக்கிறார்கள். இவ்வளவும் பட்டு, அந்தப் பக்கம் சேர் "விளங்குதா?" என்று கேட்டால், இந்தப் பக்கம் பிள்ளை "விளங்குது சேர்" என்று சொல்லும். கொப்பியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

அன்று பிள்ளையைத் தனியே போனோடு விட்டோம். இப்போது நாங்கள் சொல்வது வேறு. எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் ஒன்றாக இருப்பார்கள். முன்னால் ஒரு பெரிய திரை. அதில் டவுனில் இருக்கும் கணித ஆசிரியர். வகுப்புக்குள் நமது டீச்சர் ஒருவர் நிற்பார்.

இது ஏன் தேவை? மலையகப் பாடசாலைகள் பலவற்றில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத குறை நெடுங்காலமாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் பிள்ளைக்குப் பல கதவுகள் மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

செலவையும் பாருங்கள். வீடியோ கோலில் ஒரு மணித்தியாலம் பாடம் நடந்தால், ஒரு போனுக்கு ஏறக்குறைய அரை ஜீபியிலிருந்து ஒரு ஜீபி வரை டேட்டா போகலாம். 20 பிள்ளைகள் 20 போனில் பார்த்தால் 20 பங்கு. வகுப்பில் ஒரே திரையில் பார்த்தால் ஒரே பங்கு. ஆகவே இதற்காக யாரும் கடன்பட்டுப் போன் வாங்க வேண்டாம். இதைத் திரும்பவும் சொல்கிறோம், வாங்கவே வேண்டாம்.

பாடம் நடக்கும் முறை இதுதான். திரையில் இருக்கும் சேர் பத்து நிமிடம் விளக்குவார். பிறகு ஒரு கணக்குக் கொடுப்பார். பிள்ளைகள் கொப்பியில் செய்வார்கள். நமது டீச்சர் வாங்கு வாங்காக நடந்து பார்ப்பார். யாருக்கு எங்கே பிழைத்தது என்று கண்டு, அந்தப் பிள்ளையை முன்னுக்கு அழைத்துக் கேள்வி கேட்க வைப்பார். கொப்பியைக் கெமராவுக்குப் பிடித்தால் சேரும் பார்த்துத் திருத்தலாம். பின்வாங்கில் ஒளிந்திருக்கும் பிள்ளை திரையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் டீச்சர் இல்லாத நாளில் வீடியோ பாடமும் இல்லை.

மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. சிக்னலும் போகலாம். அதற்காக அன்றைய கணக்குகளை முன்கூட்டியே கடதாசியில் எழுதி வாங்கி வைப்போம். கோல் அறுந்தாலும் பாடம் அறாது.

இன்னொரு கட்டுப்பாடு. எந்தப் பிள்ளையும் வெளியாளோடு தனியாக வீடியோ கோலில் பேசக்கூடாது. பிள்ளைகளைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பக்கூடாது. குறிப்பாகக் குமருப் பிள்ளைகள் விஷயத்தில் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு காரியம். வகுப்பு உள்ள நாளில் "தம்பியப் பாத்துக்க" என்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். சின்னதுகளைப் பிள்ளைக் காம்பராவில் விடுங்கள். அடுத்தது, மாலையில் கொப்பியைத் திறந்து பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "இன்னைக்கு என்ன கேள்வி கேட்ட?" என்று மட்டும் கேளுங்கள். அம்மா கேட்பாள் என்று தெரிந்தால் பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்கும்.

கடைசியாக ஒன்று. திரை வந்துவிட்டது, இனி இந்தப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் தேவையில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் நியமனம் கேட்டு நாம் எழுதும் கடிதங்கள் நிற்கக் கூடாது. வெள்ளத்தில் பாலம் உடைந்தால் தற்காலிகமாகப் பலகை போட்டு நடக்கிறோம். அதற்காகப் பாலமே வேண்டாம் என்று சொல்வோமா? இந்தத் திரையும் அந்தப் பலகை மாதிரித்தான். பாலம் வரும்வரை நம் பிள்ளைகள் ஆற்றங்கரையில் காத்து நிற்க முடியாது.