பிடித்துவிடும் கைகளுக்கு யார் பொறுப்பு?



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றோர் பணிபுரியும் உடம்புப்பிடி நிலையங்களைப் பலரும் அறிவார்கள். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. உடம்புப்பிடிக் கலையைக் கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நின்ற பார்வையற்றோர் அங்கே நிறையப் பேர். இன்று இந்தத் தொழில் பேரங்காடிகள், ஹோட்டல் ஸ்பாக்கள், பாதம் பிடித்துவிடும் கடைகள் என்று நாடெங்கும் பரவிவிட்டது. வலியோடு வருபவர் ஒரு மணி நேரத்தில் இலேசாகி வீடு திரும்புகிறார். அந்த வலியைப் போக்கியவரின் நிலை என்ன?

இத்தொழிலில் உள்ளவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசும்போது, வேலை கடினம் என்று அதிகம் குறைப்படுவதில்லை. உழைப்புக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களைச் சோர வைப்பது நிர்வாகம். மோசமான நிர்வாகத்தின் கையில் எப்போதும் ஒரு வாசகம் இருக்கிறது: “நீ சம்பள ஆள் இல்லை, கமிஷன் ஆள்.” மற்ற எல்லாக் குறைகளும் இந்த ஒரு வாசகத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊழியர் காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை கடையில் இருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவரைக் கவனித்தால் அவருக்கு 30 வெள்ளி. ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால் 60 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை செய்தால் 1,560 வெள்ளி. ஆனால் அவர் கடையில் இருந்த நேரமோ 312 மணி. மணிக்கு ஐந்து வெள்ளிதான் விழுகிறது. காத்திருந்த நேரத்தில் துண்டு துவைத்தது, தரை துடைத்தது, தொலைபேசிக்குப் பதில் சொன்னது எதற்கும் காசு இல்லை. இதற்குமேல் எண்ணெய்ச் செலவு, சீருடை, தாமத அபராதம் என்று பிடித்தம் வேறு.

வாடிக்கையாளர் வராத நாளில் இப்படி என்றால், கூட்டம் வரும் நாளில் துன்பம் வேறுவிதம். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் படுத்துவிடுகிறார். விரிப்பை மாற்றக்கூட அவகாசம் இல்லாமல் முன்பதிவு செய்துவிடுகிறார் கல்லாவில் இருப்பவர். பெருவிரல் மூட்டும் மணிக்கட்டும்தான் இந்தத் தொழிலின் மூலதனம். ஓய்வில்லாமல் அழுத்தி அழுத்தி அவை வீங்கிப்போனால், வலிக்கிறது என்று சொல்பவருக்கு மறுநாள் வாடிக்கையாளரே கொடுக்கப்படுவதில்லை. அதற்குப் பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. வேலையிடத்து விபத்துக்கும் தொழில்நோய்க்கும் காப்பு தருவது சொக்சோ. ஆனால் தன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதே தெரியாத ஊழியர் அங்கே போய் நிற்கத் தயங்குகிறார்.

பார்வையற்ற ஊழியருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனை பேரைக் கவனித்தார், எவ்வளவு வசூலானது என்பதைப் பிறர்தான் எழுதுகிறார்கள். அந்த நோட்டுப் புத்தகம் நேர்மையாக இல்லாவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்?

எல்லாவற்றையும்விடக் கசப்பானது, அத்துமீறும் வாடிக்கையாளரின் விவகாரம். மூடிய அறைக்குள் தகாத முறையில் பேசுபவர், கையை நீட்டுபவர் உண்டு. ஊழியர் வெளியே வந்து முறையிட்டால், “வாடிக்கையாளரைக் கோபப்படுத்தாதே” என்று அறிவுரை கிடைக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி, அந்தத் தொகையை ஊழியரின் கணக்கிலேயே கழிக்கும் நிர்வாகத்தை என்னவென்று சொல்வது? நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஒருவரைத் தொழிலாளி என்றே கருதுவதற்கான அடையாளங்களை அவை வகுத்திருக்கின்றன. வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் இன்னொருவர் கட்டுப்படுத்துகிறாரா? கருவியும் பொருளும் அவர் தருகிறாரா? அந்த வேலை அவருடைய வியாபாரத்தின் முக்கிய அங்கமா? இப்படிப் போகிறது பட்டியல். கட்டிலும் எண்ணெயும் கடையுடையது, நேர அட்டவணையும் கடையுடையது என்றால், “கமிஷன் ஆள்” என்ற வாசகம் எப்படி நிற்கும்?

அதே திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 வெள்ளி என்று ஆனது. கமிஷனை மட்டும் வாங்கும் தொழிலாளிக்கும் மாத வருமானம் அதற்குக் குறையக் கூடாது. முன்பு பார்த்த 1,560 வெள்ளிக் கணக்கு, பிடித்தத்துக்கு முன்பே சட்டத்தில் தோற்றுப்போகிறது. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. வாடிக்கையாளர் முகம் சுளித்தார் என்பதற்கான அபராதம் அதில் இல்லை. 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ், தொல்லை கொடுத்தவர் வாடிக்கையாளராக இருந்தாலும் தீர்ப்பாயத்தில் புகார் செய்யலாம். வெளிநாட்டு ஊழியரின் கடப்பிதழை முதலாளி தன் பெட்டியில் பூட்டி வைப்பதும் குற்றமே.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கடை வாடகை ஏறுகிறது. பயிற்சி கொடுத்த ஊழியர் வாடிக்கையாளரையும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார் என்பது அவர்களின் மனக்குறை. ஆனால் அவர் ஏன் போனார் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பெயர்ப்பலகையைத் தேடி வருவதில்லை, கைப்பக்குவத்தைத் தேடி வருகிறார். அந்தக் கையை வருத்தும் முதலாளி தன் வியாபாரத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிறார்.

நல்ல நிர்வாகத்துக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையே கால் மணி நேர இடைவெளி, மாதந்தோறும் சம்பளச் சீட்டு, சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகக் கட்டுவது, அத்துமீறும் வாடிக்கையாளரை வெளியே அனுப்பும் துணிவு. இவை போதும்.

ஊழியர்களும் விழிப்பாக இருக்க வேண்டும். வந்த நேரம், போன நேரம், கவனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை, பிடித்தம் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். பார்வையற்றோர் கைப்பேசியில் குரலாகப் பதிந்து வைக்கலாம். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யும் நாளில் அந்தக் குறிப்பே உங்களுக்காகப் பேசும்.

அடுத்த முறை உடம்புப்பிடி நிலையத்துக்குப் போகும் நேயர்கள் ஒன்று செய்யலாம். எழுந்து கிளம்பும் முன், “சாப்பிட்டீர்களா, ஓய்வு கிடைத்ததா?” என்று அந்த ஊழியரைக் கேளுங்கள். கல்லாவில் இருப்பவர் காதிலும் விழும்படி கேளுங்கள். வாடிக்கையாளர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் நிர்வாகமும் கவனிக்கத் தொடங்கும்.