மழைத்துளியைப் பார்த்த சிறுமி
(நம் குடியிருப்பின் மகளிர் தின விழாவில் ஆற்றிய உரை)

மகளிர் தினம் என்றால் வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் சில உண்டு. இன்று உங்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் கட்சுகோ சருஹாஷி. கடல்நீரின் வேதியியலை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி.

1920இல் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழைத்துளிகளைப் பார்த்து, "மழை ஏன் பெய்கிறது?" என்று யோசித்த சிறுமி. படிப்பு முடிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போனார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, 21 வயதில் பெண்களுக்கான அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். 1943இல் பட்டம் பெற்று வானிலை ஆய்வு நிலையத்தில் பணியில் அமர்ந்தார். அங்கே யசுவோ மியாகே என்ற விஞ்ஞானி அவருக்கு வழிகாட்டினார்.

கடல்நீரில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, அமிலத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணக்கிட ஒரு அட்டவணை தயாரித்து 1955இல் வெளியிட்டார். கணினிகள் வரும்வரை பல நாட்டு ஆய்வாளர்களுக்கு 'சருஹாஷி அட்டவணை' கைகொடுத்தது. 1957இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இதற்கிடையே 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றில் இருந்த 23 பேர் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அவர்களில் ஒருவர் சில மாதங்களில் இறந்தார். இனி மீன் சாப்பிடலாமா, மழைநீர் பாதுகாப்பானதா என்று ஜப்பானே பயந்தது. கடல்நீரை அளந்து பார்க்கும் பொறுப்பு சருஹாஷியின் ஆய்வகத்துக்கு வந்தது. சிறுவயதில் வேடிக்கை பார்த்த அதே மழையில் இப்போது அவர் கதிரியக்கத்தைத் தேடினார்.

குண்டின் கழிவு நீரோட்டத்தோடு ஜப்பான் பக்கம் வருகிறது, அமெரிக்கக் கரையைவிட இங்கே அதிகம் இருக்கிறது என்று அவர்களின் அளவீடுகள் காட்டின. அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் நம்பவில்லை, அளந்த முறையில்தான் தவறு என்றார்கள். சருஹாஷி வாக்குவாதம் செய்யவில்லை. 1962இல் கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்கே போய், அங்குள்ள நிபுணர் ஒருவரோடு ஒரே மாதிரி நீரைத் தனித்தனியே அளந்தார். இருவர் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஜப்பானியரின் முறை சரிதான் என்பது நிரூபணமானது. அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்தவர்களுக்கு இப்படிப்பட்ட அளவீடுகள் பலம் தந்தன. 1963இல் வான்வெளியிலும் கடலிலும் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

1980இல் ஜப்பான் அறிவியல் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. ஓய்வு பெற்றபோது நண்பர்கள் திரட்டித் தந்த பணத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 50 வயதுக்குட்பட்ட பெண் விஞ்ஞானிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்க ஏற்பாடு செய்தார். 1981 முதல் வழங்கப்படும் அந்தப் பரிசு, 2007இல் அவர் மறைந்த பிறகும் தொடர்கிறது.

நண்பர்களே, அடுத்த மழையின்போது பால்கனியில் நின்று உங்கள் பெண்குழந்தை ஏதாவது கேட்டால், "அப்புறம் சொல்றேன், துணியை எடு" என்று அனுப்பிவிடாதீர்கள். துணி கொஞ்சம் நனைந்தால் பரவாயில்லை. இரண்டு நிமிடம் அவளோடு சேர்ந்து யோசியுங்கள்.